விசிறி நிற்கும்வரை பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாத விடுமுறையில் எங்கள் பக்கத்து ஊர் மண்டபம் ஒன்றில் சிறுபிள்ளைகளுக்குப் பத்து நாள் வகுப்பு நடந்தது. ஊர்ப் பெயரும் மண்டபத்தின் பெயரும் வேண்டாம். நடத்தியவர்கள் பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர்கள். ஒரு பைசா வாங்காமல் உழைத்தவர்கள். புரொஜெக்டரை எப்படிக் கையாள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. என் வருத்தமெல்லாம் அதுதான். கடிதம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரை மணி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மண்டபம். உள்ளே புழுங்கித் தள்ளுகிறது. புரொஜெக்டரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, முன்பக்கம் உயரட்டும் என்று இரண்டு பாட்டுப் புத்தகங்களை அடியில் செருகியிருந்தார்கள். பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து வெளிச்சம் கசிந்து அருகில் இருந்த பிள்ளைகளின் கண்ணில் அடித்ததால், ஒரு டர்க்கி துண்டை மடித்து அந்தப் பக்கமாகப் போட்டிருந்தார்கள். கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரை ஓடவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் புரொஜெக்டரின் பட்டனை அமுக்கினார்கள். எரியவில்லை. மறுபடியும் அமுக்கினார்கள். நான்காவது தடவை எரிந்தது. கால் மணி நேரம் கழித்து வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். துவாரம் வழியாக வெண்புகை மாதிரி ஏதோ வந்தது. பிள்ளைகள் அலறினார்கள். யாருக்கும் காயமில்லை.

அடுத்து நடந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு ஆள் வந்து, நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. போய்ப் பார்க்கிறேன்: படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அடைத்த ஜன்னல்கள் இன்னும் திறக்கப்படவில்லை. இரண்டு சிறுமிகள் தரையில் கிடந்த கண்ணாடித் தூளை வாரியலால் கூட்டி, வெறுங்கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் உடைந்த விளக்கின் மிச்சத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அதே அறையில் மூலையில் சுண்டலும் சாயாவும் திறந்து வைத்திருந்தார்கள். அந்த விளக்குக்குள் பாதரசம் இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

பள்ளிகளிலும் ஆலயங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய வகைப் புரொஜெக்டர்களில் இருப்பது உயர் அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. கொண்டைக்கடலை அளவே உள்ள ஒரு குவார்ட்ஸ் குமிழ். அதற்குள் மில்லிகிராம் கணக்கில் பாதரசம். எரியும்போது அந்தப் பாதரசம் ஆவியாகி, குமிழுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 200 வளிமண்டல அளவுக்கு ஏறும். கார் டயருக்குள் இருப்பது இரண்டோ மூன்றோதான். குமிழின் சுவர் 900 பாகை செல்சியஸையும் தாண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். 1977ல், பதினேழு வயதில், கல்குளம் வட்டத்தில் ஒரு சினிமா கொட்டகையில் ஆபரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவன். பிறகு உரிமம் எடுத்து, கொட்டகை மூடும்வரை அதே கேபினில் இருந்தேன். அந்தக் கட்டடம் இன்று கல்யாண மண்டபம். அதற்குப் பிறகு பள்ளி ஆண்டுவிழா, ஆலயத் திருவிழா, ஊர் வாசகசாலைக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் புரொஜெக்டர் கட்டிக்கொடுத்து வருகிறேன்.

அந்தக் காலத்தில் கார்பன் ஆர்க். செம்புப் பூச்சுள்ள கார்பன் குச்சி ஒன்று, எதிரே இன்னொன்று. இரண்டையும் தொடவிட்டு விலக்கினால் நடுவே சூரியன் மாதிரி ஒளி பிறக்கும். குச்சி எரிந்து தேயத் தேய நெருக்கிவிட வேண்டும். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்க்கலாம். விளக்குப் பெட்டியின் தலையில் ஒரு புகைபோக்கி, கேபினுக்கு வெளியே போகும். 2000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். ஓட்டத்தில் பிலிம் ஒரு நொடி நின்றால் அந்த இடம் பொசுங்கிவிடும். ஆகவே கேபினில் மணல் வாளி, படத் துவாரத்துக்கு மேல் இரும்பு மூடி. பிறகு செனான் வாயு நிரப்பிய விளக்கு வந்தது. அது அணைந்து குளிர்ந்து கிடக்கும்போதும் உள்ளே அழுத்தம் இருக்கும். முகக் கவசமும் கையுறையும் போடாமல் அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு படம் காட்ட இவ்வளவு படித்து, தேர்வு எழுதி, உரிமம் வாங்கினோம்.

இன்று அதே வேலையை மூன்று கிலோ பெட்டி ஒன்று செய்கிறது. நல்லதுதான். ஆனால் பெட்டி சிறிதானதால் உள்ளே இருக்கும் நெருப்பு சிறிதாகிவிடவில்லை. என் பழைய புகைபோக்கியின் வேலையை இதில் ஒரு சின்ன விசிறி செய்கிறது. ஒரு பக்கம் குளிர்ந்த காற்றை இழுக்கும். வலைவடிகட்டி இருக்கும் பக்கம் அது. இன்னொரு பக்கம் சூடான காற்றைத் தள்ளும். கையை நீட்டினால் தெரியும். இரண்டு பக்கமும் ஒரு அடி இடம் காலியாக இருக்க வேண்டும். துணி, காகிதம், திரைச்சீலை எதுவும் அண்டக்கூடாது. மெத்தைமேல் வைக்கவே கூடாது. பல கருவிகளில் காற்று இழுக்கும் துவாரம் அடியில் இருக்கும், மெத்தை அதை அடைத்துவிடும். திருட்டுக்குப் பயந்து மரப்பெட்டி செய்து அதற்குள் வைத்துப் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்துப் பூட்டலாம், ஓட்டும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். வெளிச்சம் கசிந்து பிள்ளைகளின் கண்ணில் பட்டால் பிள்ளைகளை நகர்த்தி உட்கார வையுங்கள், துவாரத்தை மூடாதீர்கள்.

பொதுவாக 35 பாகை வரையுள்ள அறையில்தான் இவற்றை ஓட்டலாம் என்று கையேட்டில் போட்டிருக்கும். மே மாத மத்தியானத்தில் ஷீட் கூரைக்கு இரண்டடி கீழே அந்தச் சூடு சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் காலை வேளையில் காட்டுங்கள், வெளிச்சத்தைக் குறைத்து எரியவிடும் எக்கோ முறையில் விளக்கை வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

இனி அணைப்பது. இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள். கூட்டம் முடிந்தது, எல்லாருக்கும் பஸ் பிடிக்க வேண்டும், யாரோ ஒருவர் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிடுகிறார். விளக்கு அணைகிறது, விசிறியும் நிற்கிறது. அத்தனை சூடும் உள்ளேயே அடைபட்டுக் குமிழையும் அதன் அடைப்புகளையும் கண்ணாடிகளையும் வாட்டுகிறது. முறை இதுதான்: ரிமோட்டில் இருக்கும் பவர் பட்டனை அமுக்குங்கள், திரையில் 'அணைக்கலாமா' என்று கேட்கும், மறுபடி அமுக்குங்கள். விளக்கு அணையும், விசிறி இன்னும் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடும். அது தானாக நின்று, சிமிட்டும் சின்ன விளக்கு நிலையாக எரிந்த பிறகுதான் சுவிட்ச், பிளக் எல்லாம். லேசர், எல்.இ.டி. வகைகளில் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. உடனே அணைக்கலாம் என்று கையேடே சொல்லும் விளக்கு வகைகளும் இருக்கின்றன. கையேடு சொன்னால் செய்யுங்கள், சொல்லாவிட்டால் பொறுங்கள்.

நம் மாவட்டத்தில் நாம் பொறுத்தாலும் கரண்ட் பொறுப்பதில்லை. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை; இரண்டிலும் ரப்பர் மரக்கிளையோ தென்னை ஓலையோ கம்பியில் விழும். ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு எங்கள் பகுதி எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அது பெரும்புயல், சாதாரண நாளிலேயே மாலைக் காற்றுக்கு ஒருமுறை போய்வரும். எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்கு ஒவ்வொரு மின்வெட்டும் சுவிட்சைத் தட்டுவதற்குச் சமம். கரண்ட் வந்ததும் திரும்ப அமுக்கினால் எரியாது; சூடான விளக்கைப் பற்றவைக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். கருவி ஆயிரக்கணக்கான வோல்ட்டை விளக்கின்மேல் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கும். அந்த மண்டபத்தில் நான்கு தடவை அடித்தது. பத்து நிமிடமாவது ஆறவிட்டுப் பட்டனைத் தொட்டிருந்தால், அந்தத் துண்டையும் எடுத்திருந்தால், அந்த விளக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் அதோடு சேர்த்து, கரண்ட் போனதும் பாட்டரியிலிருந்து சற்று நேரம் மின்சாரம் தரும் யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டர் பெரும்பாலும் 250 முதல் 350 வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 வி.ஏ. பெட்டி சுமார் 360 வாட் வரை தாங்கும். இழுவை 300க்கு மேல் போனால் அடுத்த அளவு பெட்டி எடுங்கள். கரண்ட் போன பிறகும் மிச்சப் படத்தைக் காட்டி முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடமும் ஒழுங்காக அணைப்பதற்கு மட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அது லைன் கரண்ட் போலச் சீரான அலையாக மின்சாரம் தரும் சைன்வேவ் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். முறை என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு; அதைப் போட்டால்தான் மாறும் நேரம் குறையும், விளக்கு அணையாமல் நிற்கும்.

ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சத்தம் நிலையான பிறகு, மீட்டர் வைத்து வோல்ட் பார்த்துவிட்டு, கடைசியாகப் புரொஜெக்டர் பிளக்கைச் செருகுங்கள். பந்தல் ஒயரிங்கில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியின் இணைப்பு தளர்ந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறிவிடும். ஒரு திருவிழாவில் சீரியல் பல்புகள் திடீரென்று பளிச்சென்று எரிவதைப் பார்த்ததும் நான் பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்தில் இருந்த மைக்செட்காரரின் பெட்டி போயிற்று. ஒயர்மேனிடம் நியூட்ரலை இறுக்கச் சொல்லிவிட்டுத்தான் அதற்குப் பிறகு எந்தப் பந்தலிலும் வேலையைத் தொடங்குகிறேன்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் செருக மலிவான அடாப்டர் ஒன்று விற்கிறார்கள். அதைப் போட்டால் எர்த் கம்பி அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டரிலிருந்து படம் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கேபிளின் இரும்பு நுனியைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கும். ஒரு கல்யாண வீட்டில், கழுவிவிட்ட சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்ற பத்தாம் வகுப்புப் பையன் கேபிளைத் தொட்டுத் துள்ளிவிழுந்தான். அவன் அம்மா முகத்தை நான் மறக்கவில்லை. எர்த் உள்ள துளை, 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பாதுகாப்பு சுவிட்ச், காலில் செருப்பு. மூன்றும் வேண்டும்.

இடி முழங்கும் நாளில் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிள், ஸ்பீக்கர் ஒயர், டிஷ் ஆன்டெனா ஒயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மின்னல் எந்த ஒயர் வழியாகவும் உள்ளே வரும்.

படம் நேராக விழுவது பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவியின் எறிவு விகிதம் 1.5 என்று இருந்தால், படத்தின் அகலம் எத்தனை அடியோ அதைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் வையுங்கள். 6 அடி அகலப் படத்துக்கு 9 அடி, 8 அடி அகலத்துக்கு 12 அடி. கிட்டத்திலிருந்தே பெரிய படம் காட்டும் குட்டை எறிவு வகைகளுக்கு இன்னும் குறைவு. முதலில் மேசையைச் சமமாக நிறுத்தி, லென்ஸைத் திரையின் நடுவுக்கு நேராக வைத்து, சட்டகம் செவ்வகமாக வரும்வரை கருவியையே நகர்த்துங்கள். படத்தின் கோணலைக் கருவிக்குள்ளேயே நேராக்கும் கீஸ்டோன் பட்டனை அமுக்கிச் சரிசெய்வது கடைசி வழி. அதில் படத்தின் புள்ளிகள் குறையும், எழுத்து மங்கும். புத்தகம் செருகி முன்பக்கத்தைத் தூக்காதீர்கள். கருவியோடு வரும் திருகுக் காலே போதும். அதற்கு மேல் சாய்த்தால் விளக்கின் சூடு ஒரு பக்கமாக ஏறும். தரையில் உட்காரும் பிள்ளைகளுக்குப் படத்தின் அடிவிளிம்பு மூன்றடி உயரத்தில் இருந்தால் முன்வரிசைத் தலைகள் மறைக்காது. கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப்போல ஆறு மடங்குக்குள் இருந்தால் எழுத்து படிக்கலாம்.

கூரையில் மாட்டுவதைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒரு பள்ளியில் தெர்மோகோல் பொய்க்கூரையின் அலுமினியச் சட்டத்தில் நான்கு சின்ன ஸ்குரூ போட்டு மாட்டியிருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்து திறந்த அன்று பார்த்தால், கருவி பவர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. நேர்க் கீழே இரண்டாம் வரிசை பெஞ்சு. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தாலே இன்றும் வயிறு கலங்குகிறது. பொய்க்கூரையும் ஷீட்டும் பாரம் தாங்குவதற்கு இல்லை. கான்கிரீட் கூரை என்றால் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட வேண்டும். மர பிளக் வைத்து ஸ்குரூ ஏற்றக்கூடாது. ஓட்டு வீடு என்றால் உத்திரத்தில்தான் மாட்ட வேண்டும், அதையும் தட்டிப் பார்த்துச் செல் அரிக்காததை உறுதி செய்துகொண்டு. மாட்டிய பிறகு ஒரு இரும்புச் சங்கிலியோ கம்பிவடமோ தனியாக இன்னொரு போல்ட்டில் கட்டுங்கள். ஸ்டாண்டு கழன்றாலும் அது பிடித்துக்கொள்ளும். கருவியின் எடையைப்போலப் பல மடங்கு தாங்கும் வடமாக எடுங்கள். நான் என் எடையையே தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கருவியை ஏற்றுவேன்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். ஆர்க் ஒளியைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்து, இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோலத் துடித்தவன் நான். புரொஜெக்டர்களை ஒளியின் ஆபத்துக்கு ஏற்பப் பிரித்துக் காட்டும் சர்வதேச விதி ஒன்று, ஐ.இ.சி. 62471-5, 2015ல் வந்தது. பெட்டியின் பக்கத்தில் ஆர்.ஜி.2 என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தால், ஒளிக்கற்றையை உற்று நோக்கக்கூடாது என்று பொருள். சீட்டு இல்லாத பழைய கருவிக்கும் இதே விதியைப் பின்பற்றுங்கள். சிறுபிள்ளைகளுக்கு லென்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க ஆசை வரும், அது இயல்பு. அதனால்தான் அவர்களின் முகத்துக்கு நேரே, நாற்காலி உயரத்தில், கருவியை வைக்காதீர்கள் என்கிறேன். சுவரை ஒட்டி வைக்கும் மிகக்குட்டை எறிவு வகையில் ஒளி மேல்நோக்கி வரும். குனிந்து பார்த்தால் நேராகக் கண்ணில் இறங்கும். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒளிக்குள் நின்று வகுப்பைப் பார்த்துப் பேசாதீர்கள். ஒதுங்கி நின்று நீளக் குச்சியால் காட்டுங்கள். பேச்சு நீளும்போது படத்தை மறைக்கும் பட்டன் இருக்கிறது; அதை அமுக்குங்கள். லென்ஸின் முன்னால் அட்டையோ புத்தகமோ வைத்து மறைத்தால் அது கருகும், கருவியும் சூடேறும்.

கொட்டகைக்காரனாக இன்னொன்று. 1979ல் தூத்துக்குடியில் ஒரு கூரைக் கொட்டகையில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் முதலாளி எங்களை எல்லாம் நிற்கவைத்து, ஒவ்வொரு வாசலையும் கையால் தள்ளித் திறக்கச் சொன்னார். புரொஜெக்டர் போடும்போது மண்டபத்தை இருட்டாக்குகிறோம், ஜன்னலை அடைக்கிறோம், நடுவழியில் ஒயரை இழுக்கிறோம். வாசலைத் தாழிடாதீர்கள். ஒயரைச் சுவரோரம் கொண்டுபோங்கள். வழியைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் அகலமான டேப்பால் முழு நீளமும் ஒட்டுங்கள். ஓலைப் பந்தலில் சூடான காற்று வரும் பக்கத்தை ஓலைக்கு எதிராகத் திருப்பாதீர்கள்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு: குளச்சலிலும் முட்டத்திலும் நான் கட்டிய கருவிகள் தக்கலையில் கட்டியவற்றைவிடச் சீக்கிரம் பழுதாகின்றன. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கிறது. வேலை முடிந்து நன்றாக ஆறிய பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை, ஆனால் ஈரம் அதிகம். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்க்கும்; ஒரு மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். கூரையில் மாட்டிய கருவி இரண்டு மாதம் சும்மா கிடந்தால் மண்குளவி துவாரத்தில் கூடு கட்டும். ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் காற்றூதி சுத்தம் செய்யுங்கள். எரியக்கூடிய வாயு உள்ள ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். சூடான விளக்கில் பற்றிக்கொள்ளும்.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மெனுவிலேயே காட்டும். பல விளக்குகளின் ஆயுள் 3000 முதல் 5000 மணி. கருவி 'விளக்கை மாற்று' என்று சொன்ன பிறகும் 'இன்னும் எரிகிறதே' என்று ஓட்டுகிறார்கள். வயதான குமிழ்தான் சுலபமாக வெடிக்கும். மாற்றும்போது பிளக்கை எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கண்ணாடியில் விரல் படாமல் மாற்றுங்கள்; விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூட்டில் பலவீனப்படும். புதிதாக வாங்குகிறவர்கள் முடிந்தால் பாதரசம் இல்லாத லேசர் வகை வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் 20,000 மணி வரை ஓடும் என்று சொல்லி விற்கிறார்கள். ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்கு '9000 லூமன்' என்று வரும் பெட்டியை நம்பி வகுப்பறைக்கு வாங்காதீர்கள். தரவிதிப்படி அளந்த வெளிச்சமான ஆன்சி லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். வகுப்பறைக்கு 3000 வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் விளக்கு வெடித்தால்: பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். ஜன்னல், கதவு அனைத்தையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் உள்ளே போகாதீர்கள். வாரியலும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே பாதரசத்தைக் காற்றில் பரப்பும். பெரியவர் ஒருவர் கையுறை போட்டு, தடித்த அட்டையால் துண்டுகளை ஒதுக்கி, டேப்பின் பசைப்பக்கத்தால் தூளை ஒற்றி எடுத்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். திறந்திருந்த தின்பண்டத்தைக் கொட்டிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்று அந்தச் சுண்டலை நான் கொட்டியபோது ஒரு அம்மா கோபப்பட்டார். காரணம் சொன்னதும் அவரே முதல் ஆளாகப் பிள்ளைகளைக் குழாயடிக்கு அழைத்துப்போனார்.

தங்கள் நாளிதழ் மூலமாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, தலைமையாசிரியர்களுக்கும் ஆலயக் கமிட்டிகளுக்கும் வாசகசாலை நிர்வாகிகளுக்கும். புரொஜெக்டரை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று விடாதீர்கள். ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். விளக்கு மணிநேரம், வடிகட்டி சுத்தம் செய்த தேதி இரண்டையும் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அந்தப் பொறுப்பாளரை அனுப்பினால் அரை நாளில் இத்தனையையும் கையில் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். என்னைப்போல வீட்டில் இருக்கும் பழைய ஆபரேட்டர்கள் மாவட்டத்தில் இன்னும் சிலர் உண்டு, அவர்களும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பணம் வேண்டாம்.

இரண்டாவது, மாவட்ட நிர்வாகத்துக்கு. 2022ஆம் ஆண்டு மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பாதரசம் உள்ள விளக்கு அதில் அடங்கும். குப்பைத் தொட்டியிலோ ஆற்றங்கரையிலோ போட முடியாது, போடக்கூடாது. ஆனால் எங்கே கொடுப்பது என்று பள்ளிக்காரர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டும் போகிறார்கள். என் வீட்டுத் திண்ணை அலமாரியில், பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில், பழைய புரொஜெக்டர் விளக்குகள் 11 காகிதத்தில் சுற்றி மூடிய குப்பிகளில் இருக்கின்றன. அந்த மண்டபத்தில் வெடித்தது பன்னிரண்டாவது. நாகர்கோவிலிலும் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் மாதத்தில் ஒரு நாள், ஓர் இடம் என்று அறிவித்தால், நானே எடுத்துக்கொண்டு வந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
முன்னாள் சினிமா கொட்டகை ஆபரேட்டர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.